எதனால், யார் கையால், யாருக்காக? சீனச் சிற்பங்களின் முன் மூன்று கேள்விகள்



நம் வீடுகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு ஒன்று உண்டு. குழந்தைக்கு வாங்கிய பொம்மையின் கை இரண்டே நாளில் கழன்று விழுந்தால், "சைனா பொருள்தானே, பிறகு எப்படி இருக்கும்?" என்கிறோம். கைபேசி பழுதானால் "சைனா செட்" என்று சிரிக்கிறோம். சீனா என்றாலே மலிவு, அவசரம், ஒரே அச்சில் வார்த்த ஆயிரம் பிரதிகள் என்று ஒரு படம் நம் மனதில் பதிந்துவிட்டது. அந்தப் படம் என் மனதிலும் இருந்தது. அதைக் கலைத்தவை இரண்டு: நான் பணியாற்றிய பங்குக்கு அருகே இருந்த ஒரு கலைக்கூடம், அங்கே என்னை அழைத்துச் சென்ற ஒரு மூதாட்டியின் பேச்சு.

குருமடத்தில் தத்துவம் படித்தோம், இறையியல் படித்தோம். சிற்பத்தைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் சுரூபம்தான். பீடத்தில் நிற்கும், மாலை போடுவோம், திருவிழா அன்று தேரில் ஏற்றுவோம். முகம் யாருடையது என்று தெரிந்துவிட்டால் போதும். அது எந்த மரம், யார் செதுக்கியது என்று ஒருநாளும் கேட்டதில்லை. இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது, அப்படிக் கேட்காமல் போனதால் நான் இழந்ததைப் பற்றியும், பிறகு கேட்கக் கற்றுக்கொண்டதைப் பற்றியும்தான்.

கலைக்கூடமும் மூதாட்டியும்

சில ஆண்டுகள் நான் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் ஒரு பங்கில் உதவிப் பணி செய்தேன். அங்கிருந்து நடந்து போகும் தூரத்தில் சிப்பன்டேல் என்ற பகுதியில் 'ஒயிட் ராபிட் கேலரி' என்ற கலைக்கூடம் இருக்கிறது. ஒரு காலத்தில் ரோல்ஸ் ராய்ஸ் கார்களைப் பழுது பார்த்த கட்டடம் அது. ஜூடித் நீல்சன் என்ற பெண்மணி, 2000ஆம் ஆண்டுக்குப் பின் உருவான சீனக் கலைப் படைப்புகளைச் சேகரித்து, பொதுமக்கள் பார்ப்பதற்காக 2009ஆம் ஆண்டு அதைத் திறந்தார். உள்ளே போகக் கட்டணம் இல்லை. கீழ்த்தளத்தில் சீனத் தேநீர் கிடைக்கும். ஆண்டுக்கு இரண்டு முறை கண்காட்சியை மாற்றுவார்கள்.

எங்கள் பாடகர் குழுவில் சீனாவின் செங்டு நகரில் பிறந்த ஒரு மூதாட்டி இருந்தார். ஓய்வு பெற்ற செவிலியர். ஒரு ஞாயிறு திருப்பலி முடிந்ததும், "ஃபாதர், எங்கள் ஊர்க்காரர்கள் செய்ததைப் பார்க்க வருகிறீர்களா?" என்று கேட்டார். மறுக்க மனம் வராமல் போனேன்.

உள்ளே நுழைந்ததும் ஒரு சுழற்காற்று நின்றது. கீழே குறுகி மேலே விரிந்து, 11 மீட்டர் உயரம். அருகே போய்ப் பார்த்தால் எல்லாம் பிளாஸ்டிக் குப்பை. எண்ணெய் பாட்டில், சோப்புத் திரவ டப்பா, மூடி, குடுவை. வாங் ஜியுவான் என்ற சிற்பி 2010இல் செய்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "குப்பையைக் கட்டித் தொங்கவிட்டால் அதற்குச் சிற்பம் என்று பெயரா?" என்றேன்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "ஃபாதர், பார்த்தவுடன் தீர்ப்புச் சொல்லாதீர்கள். மூன்று கேள்வி கேளுங்கள். இது எதனால் செய்தது? யார் கையால் செய்தது? யாருக்காகச் செய்தது? மூன்றுக்கும் பதில் தெரிந்த பிறகு, பிடித்திருக்கிறது, பிடிக்கவில்லை என்று சொல்லுங்கள்" என்றார். வீடு திரும்பும் வழியெல்லாம் அந்தக் கேள்விகள் என்னை விடவில்லை.

ஒரு சிறு பின்னணி

சீனச் சிற்பம் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது சியான் நகருக்கு அருகே மண்ணுக்குள் இருந்த சுடுமண் படைவீரர்கள். 1974இல் கிணறு தோண்டிய விவசாயிகளின் மண்வெட்டியில் அது தட்டுப்பட்டது. பேரரசரின் கல்லறைக்குக் காவலாகச் செய்து புதைக்கப்பட்ட படை அது. பழைய சீனாவில் சிற்பம் பெரும்பாலும் கல்லறைக்காகவும் கோயிலுக்காகவும் செய்யப்பட்டது.

1949இல் கம்யூனிஸ்ட் ஆட்சி வந்தபின் சிற்பத்துக்கு வேறு வேலை தரப்பட்டது: மக்களுக்குப் பாடம் சொல்ல வேண்டும். 1965இல் சிச்சுவான் மாநிலத்தின் தாயி என்ற ஊரில், லியு வென்சாய் என்ற நிலக்கிழாரின் பழைய மாளிகையிலேயே 'குத்தகை வசூல் முற்றம்' என்ற தொகுப்பை உருவாக்கினார்கள். ஆள் உயரக் களிமண் உருவங்கள் 114. நெல் சுமந்து வரும் கிழவர், கணக்குப் பார்க்கும் காரியஸ்தன், அழும் தாய். அந்த நிலக்கிழாரைப் பற்றி அங்கே சொல்லப்பட்ட பல செய்திகள் மிகைப்படுத்தப்பட்டவை என்று பிற்கால ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். ஆனாலும் பசியையும் அவமானத்தையும் அந்த மண்ணில் குழைத்துத் தந்த கைகளின் திறமையை யாரும் மறுக்கவில்லை.

மாவோ 1976இல் இறந்தார். 1979 செப்டம்பரில் இளைஞர் குழு ஒன்று, தங்கள் படைப்புகளைப் பீஜிங் தேசியக் கலை அருங்காட்சியகத்துக்கு வெளியே இரும்பு வேலியில் மாட்டி வைத்தது. உள்ளே இடம் கிடைக்கவில்லை. வேலியே அவர்களுக்குச் சுவர் ஆயிற்று. 'நட்சத்திரங்கள்' என்று அக்குழுவுக்குப் பெயர். இரண்டே நாளில் காவல்துறை அதை அகற்றியது. அவர்களில் ஒருவரான வாங் கெபிங் யாரிடமும் பயிலாமல் தானே செதுக்கக் கற்றவர். அவர் செய்த மரத்தலை ஒன்றின் வாயில் ஒரு மரக்கட்டை அடைத்திருக்கும். 'மௌனம்' என்று அதற்குப் பெயர். விளக்கம் தேவையா? நான்கு கல்வெட்டுக்குச் சமமான செய்தியை ஒரு மரத்துண்டு சொல்லிவிட்டது.

இந்தப் புதிய தலைமுறை நம் 'சைனா பொருள்' ஏளனத்தையும் அறியாமல் இல்லை. சுய் ஜியாங்குவோ என்ற பீஜிங் சிற்பி, கடைகளில் விற்கும் சின்னப் பிளாஸ்டிக் டைனோசரை மனிதனை விடப் பெரிதாக்கிச் செக்கச் சிவப்பாகச் செய்தார். அதன் மார்பில் 'மேட் இன் சைனா' என்று பெரிய எழுத்துகள். பொம்மையின் அடியில் ஒளிந்திருக்கும் முத்திரையை எடுத்து நெஞ்சில் ஒட்டிவிட்டார். உலகமெல்லாம் வாங்குகிறீர்கள், செய்தவர்களை ஒருமுறையாவது நினைத்தீர்களா என்று அது நம்மைக் கேட்பது போல் எனக்குத் தோன்றும்.

முதல் கேள்வி: இது எதனால் செய்தது?

2015ஆம் ஆண்டின் தொடக்கத்தில், சிட்னித் திருவிழாவை ஒட்டி, 'கேரேஜ்வொர்க்ஸ்' என்ற இடத்தில் ஜாங் ஹுவான் என்ற சிற்பியின் படைப்பு வைக்கப்பட்டது. முன்பு ரயில் பெட்டிகள் கட்டிய பட்டறை அது. சிப்பன்டேலில் இருந்து அதிக தூரம் இல்லை. திருநீற்றுப் புதனுக்கு அடுத்த வாரம் நாங்கள் இருவரும் போனோம்.

இரண்டு புத்தர் உருவங்கள் எதிர் எதிரே அமர்ந்திருந்தன. இரண்டும் 5 மீட்டருக்கு மேல் உயரம். ஒன்று பளபளக்கும் அலுமினியம், அதுதான் அச்சு. மற்றது அந்த அச்சில் வார்த்தது. வார்த்த பொருள் சாம்பல். சுமார் 20 டன் சாம்பல்.

அது எங்கிருந்து வந்தது என்பதுதான் செய்தி. சீனக் கோயில்களில் மக்கள் ஊதுவத்தி ஏற்றி வேண்டிக்கொள்வார்கள். தேர்வில் தேற வேண்டும், நோய் தீர வேண்டும், தொலைந்த மகன் திரும்ப வேண்டும். வத்தி எரிந்து சாம்பலாகக் கீழே விழும். ஜாங் ஹுவான் எட்டு ஆண்டுகள் நியூயார்க்கில் வாழ்ந்துவிட்டுச் சீனா திரும்பியவர். ஷாங்காய் நகரின் ஒரு கோயிலில் மக்கள் கண்ணீரோடு வேண்டுவதையும், அந்தச் சாம்பலையும் பார்த்தார். பிறகு கோயில் கோயிலாகச் சாம்பலைச் சேகரித்துத் தன் பட்டறைக்குக் கொண்டுவந்து, கருமை, வெண்மை, பழுப்பு என்று தரம் பிரித்து, அதைக் கொண்டு உருவங்கள் செய்யத் தொடங்கினார்.

சாம்பல் கெட்டிப்படாது. நாங்கள் பார்க்கும்போதே அந்தப் புத்தரின் உடலில் வெடிப்புகள். தரையெல்லாம் உதிர்ந்த பொடி. கண்காட்சி நடக்க நடக்க அது சிதையும் என்பது முன்பே தெரிந்தது. சிதைவதும் அந்தப் படைப்பின் பகுதிதான்.

நான் நீண்ட நேரம் அங்கே நின்றேன். சில நாட்களுக்கு முன்புதான் இதே விரல்களால் சாம்பலைத் தொட்டு, வரிசையில் வந்தவர்களின் நெற்றியில் சிலுவை வரைந்திருந்தேன். அந்தச் சாம்பல் முந்தின ஆண்டுக் குருத்தோலைகளை எரித்தது. அந்த ஓலைகளைப் பிடித்து வந்தவர்களில் சிலர் அடுத்த ஆண்டு உயிரோடு இல்லை. அதை நினைத்து நான் ஒரு முறையாவது சாம்பல் கிண்ணத்தைப் பார்த்திருக்கிறேனா? கை அழுக்காகாமல் இருக்கத் துணி எங்கே என்றுதான் தேடியிருக்கிறேன். வேறொரு சமயத்தாரின் வேண்டுதலில் இருந்து எழுந்த உருவம் ஒன்று, என் கையில் இருந்த சாம்பல் எதனால் ஆனது என்று எனக்கு நினைவூட்டியது. அவர்கள் நம்பிக்கை வேறு, நம் நம்பிக்கை வேறு. ஆனால் எரிந்து முடிந்ததில் ஒரு மனிதனின் வேண்டுதல் தங்கியிருக்கிறது என்று மதிக்கும் மனம் எல்லாருக்கும் பொதுவானது.

இப்போது அந்தப் பிளாஸ்டிக் சுழற்காற்றுக்குத் திரும்புங்கள். எதனால் செய்தது? நாம் தூக்கி எறிந்ததால். அங்கே நான் சிரித்தது என் வீட்டுக் குப்பையைப் பார்த்துத்தான்.

இரண்டாம் கேள்வி: யார் கையால் செய்தது?

2010 அக்டோபரில் லண்டன் டேட் மாடர்ன் அருங்காட்சியகத்தின் பெரிய கூடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு தரை விரிப்பு போல ஏதோ பரப்பி வைத்திருந்தார்கள். குனிந்து எடுத்தால் சூரியகாந்தி விதை. கடித்தால் பல் உடையும், அது பீங்கான். ஐ வெய்வெய் என்ற கலைஞரின் படைப்பு. மொத்தம் 10 கோடி விதைகள்; எடை சுமார் 150 டன்.

பார்ப்பதற்கு எல்லாம் ஒன்று போல் இருக்கும். எந்த இரண்டும் ஒன்றல்ல. ஒவ்வொன்றின் மேலும் உள்ள கறுப்புக் கோடுகளைத் தூரிகையால் கையால் வரைந்திருக்கிறார்கள். வரைந்தவர்கள் ஜிங்டெஜென் என்ற ஊரார், ஏறத்தாழ 1,600 பேர். பல நூற்றாண்டுகளாகச் சீன அரசர்களின் மேசைக்குப் பீங்கான் செய்து தந்த ஊர் அது. வேலை குறைந்து போன அந்த ஊரில் இரண்டு ஆண்டுகளுக்கும் மேல் இந்த வேலை நடந்தது. பெண்கள் பலர் வீட்டுக்கு எடுத்துப்போய், வீட்டு வேலைக்கு இடையே உட்கார்ந்து வரைந்தார்கள்.

ஏன் சூரியகாந்தி? மாவோ காலத்துச் சுவரொட்டிகளில் மாவோ சூரியன். மக்கள் அவர் பக்கம் முகம் திருப்பும் சூரியகாந்திகள். அதே காலத்தில், வறுமையில், மக்கள் ஒருவருக்கொருவர் பகிர்ந்து கொறித்ததும் இந்த விதைதான். ஐ வெய்வெய்யின் தந்தை ஐ சிங் புகழ்பெற்ற கவிஞர். அரசின் கோபத்துக்கு ஆளாகி, குடும்பத்தோடு தொலைதூர சிஞ்சியாங்குக்கு அனுப்பப்பட்டு, அங்கே கழிப்பறைகளைச் சுத்தம் செய்யும் வேலையில் ஆண்டுக்கணக்காக இருந்தவர். அந்த வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு ஒரு கை விதையின் மதிப்பு தெரியும்.

மக்கள் அதன் மேல் நடக்கலாம், படுக்கலாம் என்றுதான் முதலில் வைத்தார்கள். பீங்கான் தூசி எழுந்து மூச்சுக்குக் கேடு என்று சில நாட்களிலேயே தடுத்துவிட்டார்கள். இங்கேயும் ஒரு கேள்வி இருக்கிறது. அந்தத் தூசி செய்தவர்களையும் தொட்டிருக்காதா? 1,600 பேர் வரைந்ததற்கு ஒருவர் பெயர் மட்டும் பலகையில் இருப்பது சரியா? இதைக் கேட்பது தவறில்லை. சாய் குவோசியாங் என்ற கலைஞர் 1999இல் வெனிஸ் நகரில் முன்பு சொன்ன 'குத்தகை வசூல் முற்றத்தை' பார்வையாளர் கண்முன்னே மீண்டும் களிமண்ணால் செய்ய வைத்தார். சுடாத அந்த மண் காய்ந்து வெடித்து விழ விட்டார். உயர்ந்த பரிசான தங்கச் சிங்கத்தையும் பெற்றார். உடனே, அதை முதலில் செய்த சிச்சுவான் கலைப்பள்ளியார், எங்கள் உழைப்பை எடுத்துக்கொண்டார் என்று குற்றம் சாட்டினர். நம் ஆலயங்களைக் கட்டிய கொத்தனார்களின் பெயர் எந்தக் கல்வெட்டில் இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தால் இந்த வழக்கு நமக்கும் புரியும்.

இந்தக் கேள்விக்கு ஒரு சிற்பி தன் வேலையிலேயே பதில் சொன்னார். அவர் பெயர் சூ பிங். பீஜிங்கின் வணிகப் பகுதியில் எழுந்துகொண்டிருந்த ஒரு மாபெரும் கட்டடத்துக்குச் சிற்பம் செய்து தரும்படி அவரை அழைத்தார்கள். இடத்தைப் பார்க்கப் போனவர், கண்ணாடி மாளிகையின் அடியில் வெளியூரில் இருந்து வந்த தொழிலாளர்கள் வாழ்ந்த நிலையைப் பார்த்து அதிர்ந்தார். அங்கே கிடந்த கழிவையே எடுத்தார். வளைந்த இரும்பு, மண்வாரி, தலைக்கவசம், உடைந்த கருவிகள். அவற்றால் ஃபீனிக்ஸ் பறவைகள் இரண்டைக் கட்டினார், ஓர் ஆண், ஒரு பெண். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 100 அடி நீளம். இரண்டும் சேர்ந்து சுமார் 12 டன். கட்டட உரிமையாளர்களோடு கருத்து ஒத்துவராமல் அவை அந்தக் கட்டடத்துக்குப் போகவே இல்லை. பல ஊர் சுற்றி, 2014இல் நியூயார்க்கில் ஆங்கிலிக்கன் மரபைச் சேர்ந்த தூய யோவான் பேராலயத்தின் கூரையில் இருந்து தொங்கின. கட்டியவர்களின் கருவிகள் சிறகுகளாகி, வழிபடுவோரின் தலைக்கு மேல் பறந்தன. பணக்கார மாளிகையில் இடம் கிடைக்காத பறவைக்கு ஓர் ஆலயம் கூடு கொடுத்தது என்பதைப் படித்தபோது ஒரு குருவாக எனக்கு மகிழ்ச்சி.

மூன்றாம் கேள்வி: யாருக்காகச் செய்தது?

இப்போது என் குறையை நான் சொல்ல வேண்டும்.

நவம்பர் 2, இறந்த ஆன்மாக்கள் தினம். இறந்தவர்களின் பெயர்களை மக்கள் சீட்டில் எழுதித் தருவார்கள், திருப்பலியில் வாசிப்போம். அந்த மூதாட்டி ஓர் ஆண்டு தந்த சீட்டில் கணவர் பெயர், பெற்றோர் பெயர்களுக்குக் கீழே, 'சிச்சுவானில் பள்ளிகள் இடிந்து இறந்த குழந்தைகள்' என்று எழுதியிருந்தார். கணவர் பெயரையும் பெற்றோர் பெயரையும் வாசித்தேன். கடைசி வரியை விட்டுவிட்டேன். அது ஒருவருடைய பெயர் இல்லை, நேரமும் ஆகிக்கொண்டிருந்தது. அவர் எதுவும் கேட்கவில்லை. நானும் மறந்துபோனேன்.

2008 மே 12ஆம் நாள், பிற்பகல் 2 மணி 28 நிமிடம். சிச்சுவானில் பெரும் நிலநடுக்கம். ஏறத்தாழ 70,000 பேர் இறந்தனர். மேலும் பல ஆயிரம் பேரைக் காணவில்லை. பள்ளி நேரம். பக்கத்துக் கட்டடங்கள் நிற்க, பல பள்ளிக்கூடங்கள் மட்டும் மாவாக நொறுங்கின. கட்டியதில் ஊழல் என்று பெற்றோர் பிள்ளைகளின் படங்களை ஏந்தி வீதிக்கு வந்தனர். எத்தனை குழந்தைகள், யார் யார் என்ற கேள்விக்கு அரசு மாதக்கணக்கில் பதில் சொல்லவில்லை.

ஐ வெய்வெய் தன்னார்வத் தொண்டர்களைத் திரட்டினார். அவர்கள் ஊர் ஊராக, வீடு வீடாகச் சென்று பெயர், வயது, பள்ளி, வகுப்பு, பிறந்த நாள் என்று எழுதினார்கள். பலர் காவல்துறையால் தடுக்கப்பட்டனர். அப்படியும் 5,000க்கும் மேற்பட்ட பெயர்கள் சேர்ந்தன. ஒவ்வொரு குழந்தையின் பிறந்த நாளிலும் அந்தப் பெயரை அவர் இணையத்தில் வெளியிட்டார். 2009 ஆகஸ்டில் செங்டு நகரில் காவலர்கள் தன் தலையில் அடித்ததாக அவர் கூறினார். அடுத்த மாதம் ஜெர்மனியின் மியூனிக் நகரில் அவருக்கு மூளையில் அறுவைச் சிகிச்சை நடந்தது.

அதே மியூனிக்கில், அதே ஆண்டு அக்டோபரில், ஒரு கலைக்கூடத்தின் முகப்பு முழுவதும் 9,000 பள்ளிப் பைகளை அவர் மாட்டினார். இடிபாடுகளில் அவர் கண்டது சிதறிக் கிடந்த பைகளைத்தான். வண்ணப் பைகளாலேயே சீன எழுத்தில் ஒரு வாக்கியம். தன் மகள் இவ்வுலகில் ஏழு ஆண்டுகள் மகிழ்ச்சியாக வாழ்ந்தாள் என்று ஒரு தாய் எழுதியது. வேறு எதையும் அந்தத் தாய் கேட்கவில்லை. அவள் நினைக்கப்பட வேண்டும் என்பதைத் தவிர.

பிறகு அவர் இடிந்த பள்ளிகளின் கம்பிகளை வாங்கினார். கான்கிரீட்டுக்குள் இருந்து முறுக்கிக்கொண்டு வெளிவந்த இரும்புக் கம்பிகள். பட்டறையில் தொழிலாளர்கள் அவற்றை ஒவ்வொன்றாகச் சுத்தியலால் அடித்து நிமிர்த்தினார்கள். ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் நடந்த வேலை. 'நேர்' என்று அதற்குப் பெயர். 2015இல் லண்டன் ராயல் அகாடமியில் சுமார் 90 டன் கம்பிகள் அலை அலையாக அடுக்கப்பட்டு, நடுவே நிலம் பிளந்தது போல் ஒரு வெடிப்பு. சுவரில் குழந்தைகளின் பெயர்கள், வரிசை வரிசையாக. நிமிர்த்திய கம்பி புதுக் கம்பி போலவே இருக்கும். எதுவும் நடக்காதது போல. நடந்தது சுவரில் இருக்கிறது.

இந்தப் படங்கள் உள்ள புத்தகத்தை ஒரு மாலை அந்த மூதாட்டி தன் வீட்டில் என் முன் விரித்து வைத்தார். பெயர்ப் பட்டியல் உள்ள பக்கத்தில் விரலை வைத்து, மெதுவாகச் சொன்னார்: "பெயர் இல்லை என்று விட்டுவிட்டீர்கள், ஃபாதர். பெயர் இருக்கிறது. வீடு வீடாகப் போய்ச் சேர்த்திருக்கிறார்கள்."

எனக்குப் பதில் வரவில்லை. மன்னிப்புக் கேட்டேன். ஆன்மாக்களுக்காக மன்றாடுவது என் பணி. அதற்காகவே அருள்பொழிவு பெற்றவன். நினைவில் வைக்க வேண்டியவன் நான் ஒரு வரியை வாசிக்கச் சோம்பியபோது, ஆலயத்துக்குத் தொடர்பில்லாத ஒரு சிற்பி அடிபட்டு, அலைந்து, 5,000 பெயர்களைச் சேர்த்திருந்தார். 2010 மே 12 அன்று, அந்தப் பெயர்களை ஒருவருக்கு ஒன்றாகப் பலர் தங்கள் குரலில் வாசித்து அனுப்ப, அவர் அதை ஒலிப்பதிவாகத் தொகுத்து வெளியிட்டார். முழுவதும் கேட்க மூன்றரை மணி நேரத்துக்கும் மேல் ஆகும். எனக்கு அன்று அரை நிமிடம் இல்லாமல் போயிற்று.

அடுத்த நவம்பரில் அவருடைய சீட்டைத்தான் முதலில் எடுத்தேன். அந்த வரியை வாசித்தேன். பிறகு அவரே முன்னால் வந்து, பட்டியலில் இருந்து பத்துப் பெயர்களைத் தன் மொழியில் வாசித்தார். எங்களில் பலருக்கு ஒரு பெயரும் பிடிபடவில்லை. ஆலயத்தில் இருமல் சத்தம்கூட இல்லை.

ஆலயத்துக்குள் ஆறு பெட்டிகள்

ஒரு படைப்பை மட்டும் இன்னும் சொல்லிவிடுகிறேன். 2011 ஏப்ரலில் ஐ வெய்வெய் பீஜிங் விமான நிலையத்தில் பிடிக்கப்பட்டு, 81 நாட்கள் இரகசிய இடத்தில் வைக்கப்பட்டார். இரண்டு காவலர்கள் எப்போதும் அருகில் நின்றார்கள். உண்ணும்போதும், உறங்கும்போதும், குளிக்கும்போதும். வெளியே வந்தவர் அந்த அறையை நினைவில் இருந்து சிறிய அளவில் செய்தார். ஆறு இரும்புப் பெட்டிகள், உள்ளே அவரும் காவலர்களுமாக உருவங்கள். சிறு துளை வழியாகத்தான் பார்க்க முடியும். 2013இல் அவை வெனிஸ் நகரின் தூய அந்தோனின் ஆலயத்துக்குள் வைக்கப்பட்டன. பெட்டிகளின் ஆங்கிலப் பெயர்களின் முதல் எழுத்துகளைச் சேர்த்தால் 'புனிதமானது' என்ற பொருள் தரும் சொல் வரும். ஒரு பெட்டிக்கு 'இரவு உணவு' என்று பெயர். இன்னொன்றுக்கு 'குற்றம் சாட்டுவோர்'.

நான் அதைப் படத்தில்தான் பார்த்தேன். நம் ஆலயச் சுவர்களில் பதினான்கு சிலுவைப்பாதை நிலைகள் இருக்கின்றன. பிடிக்கப்பட்ட ஒரு மனிதரை நிலை நிலையாக நின்று பார்க்க நமக்குப் பழக்கம் உண்டு. இங்கே வேறொரு மனிதர், ஆறு நிலைகள். துளை வழியாகப் பார்க்கும்போது நாம் யாராக நிற்கிறோம்? ஆறுதல் சொல்ல வந்தவராகவா, மூன்றாவது காவலராகவா? பதிலை அவரவர் மனச்சான்றுக்கு விடுகிறேன்.

நாமும் பார்க்கலாம்

அன்பார்ந்தவர்களே, இதைப் படிக்கும் எல்லாரும் சிட்னிக்கோ லண்டனுக்கோ போக முடியாது. போக வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. நீங்கள் வாழும் நகரத்தில் ஒரு கலைக்கூடம் இருக்கலாம். அதன் வாசலை எத்தனையோ முறை கடந்திருப்பீர்கள். அது படித்தவர்களுக்கான இடம், நமக்கு என்ன புரியும் என்று நினைத்திருப்பீர்கள். ஒரு ஞாயிறு மாலை பிள்ளைகளோடு உள்ளே போய்ப் பாருங்கள். எல்லாவற்றையும் பார்க்க வேண்டாம். ஒன்றின் முன் பத்து நிமிடம் நில்லுங்கள். எதனால், யார் கையால், யாருக்காக என்று கேளுங்கள். பலகையில் எழுதியிருப்பதைப் படியுங்கள். அங்கே பணி செய்பவரிடம் கேட்கக் கூச்சப்பட வேண்டாம். பதில் தெரிந்த பிறகும் பிடிக்கவில்லை என்றால் அதுவும் நேர்மையான பதில்தான். எனக்கும் அந்தக் கலைக்கூடத்தில் பிடிக்காதவை பல இருந்தன.

நான் ஊர் திரும்பிய பின் ஒரு பழக்கம் வந்துவிட்டது. வீடு மந்திரிக்கப் போகும்போது, அலமாரியில் நிற்கும் பிளாஸ்டிக் பொம்மையை எடுத்துத் திருப்பிப் பார்க்கிறேன். அடியில் அந்த மூன்று சொற்கள் இருக்கும். முன்பு சிரிப்பேன். இப்போது, இதை அச்சில் இருந்து எடுத்து, ஓரம் சீவி, கண்ணுக்குப் பொட்டு வைத்த பெண் யாராக இருக்கும் என்று நினைக்கிறேன். அவள் பெயர் எனக்குத் தெரியாது. ஆனால் அவளுக்கு ஒரு பெயர் இருக்கிறது. இரவு மன்றாட்டில் அந்தப் பெயர் தெரியாதவளையும் சேர்த்துக்கொள்கிறேன். வரியை விட்டுவிடாமல்.